ஜியோபிசிக்ஸா ஹியூமன் பயாலஜியா? அக்கா மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் மெசேஜ் பாத்தேன். மெட்ரிக் (இங்க பன்னிரண்டாவது) முடிக்கப் போற, பூமிய பிசிக்ஸால ஆராயுற ஜியோபிசிக்ஸ் மேலயும் ஆசை, மனுஷ உடம்பைப் படிக்கிற ஹியூமன் பயாலஜி மேலயும் ஆசை, வீட்ல எல்லாரும் "ரெண்டுக்கும் என்ன சம்பந்தம், பேசாம டாக்டருக்கு அப்ளை பண்ணு"ன்றாங்க, மாமா நீங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டிருந்த. போன்ல பேசினா பாதி சொல்லி பாதி விட்ருவேன், அதான் உக்காந்து எழுதுறேன். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறதுக்கும் காரணம் இருக்கு, நம்ம தென்னாப்பிரிக்கால, டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்லயும் ஃபீனிக்ஸ்லயும் இங்க ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுலயும் இதே கேள்வியோட யூனிவர்சிட்டி ஃபார்மை கையில வச்சுக்கிட்டு முழிக்கிற பிள்ளைங்க நிறைய.

சம்பந்தம் இருக்கான்னு கேக்குறவங்களுக்கு முதல்ல ஆலன் கார்மாக் பத்தி சொல்லு. 1924ல ஜோஹன்னஸ்பர்க்ல பொறந்தவர், கேப் டவுன் யூனிவர்சிட்டில பிசிக்ஸ் படிச்சு அங்கயே லெக்சரரா இருந்தவர். 1956ல அந்த ஊர் குரூட் ஸ்கூர் ஆஸ்பத்திரில ரேடியோ ஐசோடோப் (கதிர்வீச்சு விடுற பொருள்) வேலைய மேற்பார்வை பாக்க ஒரு பிசிக்ஸ் ஆள் வேணும்னு இவர வாரத்துல ஒன்றரை நாள் வரச் சொல்றாங்க. அங்க கேன்சருக்கு ரேடியேஷன் குடுக்குறப்ப டோஸ் எப்படிக் கணக்குப் போடுறாங்கன்னு பாக்குறார். உடம்பு பூரா ஒரே மாதிரிப் பொருள்னு வச்சுக்கிட்டு போடுறாங்க! எலும்பு வேற, நுரையீரல் வேற, தசை வேற, எக்ஸ்ரே ஒவ்வொண்ணுலயும் வேற வேற அளவுல உறிஞ்சப்படும். அப்ப உடம்பை வெட்டாம, வெளிய இருந்து பல கோணத்துல எக்ஸ்ரே விட்டு அளந்து, உள்ள எந்த இடத்துல எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு கணக்குலயே கண்டுபிடிக்க முடியுமா? இதுதான் அவர் தனக்குத்தானே கேட்டுக்கிட்ட கேள்வி.

அவர் செஞ்சு பாத்த முதல் சோதனைல மனுஷ உடம்பே கிடையாது. நடுவுல வட்டமா ஒரு அலுமினியம், அதச் சுத்தி மரம், அவ்வளவுதான். அளந்து கணக்கு போட்டா அலுமினியத்தோட நடு மையத்துல மட்டும் நம்பர் லேசா மாறி வருது. ஒர்க்‌ஷாப்ல விசாரிச்சா, அந்த வட்டத்துக்கு நடுவுல கிட்டத்தட்ட சுத்தமான அலுமினியத்துல ஒரு ஆப்பு அடிச்சிருக்காங்க, மிச்சமெல்லாம் அலாய், அதாவது வேற உலோகம் கலந்த அலுமினியம். கண்ணுக்குத் தெரியாதது கணக்குல தெரிஞ்சிருக்கு பாப்பா! அப்புறம் 1963லயும் 1964லயும் பேப்பர் போட்டார், யாரும் பெருசா கண்டுக்கல. வந்த விசாரிப்புல சுவாரஸ்யமானது எதுன்னு அவரே நோபல் உரைல சொல்லியிருக்கார், சுவிட்சர்லாந்துல பனிச்சரிவு ஆராயுற ஒரு மையத்துல இருந்து வந்ததாம், மலை மேல படிஞ்ச பனிக்குள்ள பாக்குறதுக்கு! 1979ல, ஸ்கேன் மெஷினை உருவாக்கின இங்கிலாந்து இன்ஜினியர் ஹவுன்ஸ்ஃபீல்டோட சேர்ந்து அவருக்கு மருத்துவ நோபல் கிடைச்சுது. இன்னைக்கு ஆஸ்பத்திரில எடுக்குற சிடி ஸ்கேன் அதுதான்.

இப்ப ஜியோபிசிக்ஸுக்கு வா. எக்ஸ்ரேக்குப் பதிலா நிலநடுக்க அலைய வச்சுக்கோ. எங்கயோ பூமி அதிருது, அந்த அலை பூமிக்குள்ள பூந்து உலகம் பூரா இருக்கற கருவிகளுக்கு வந்து சேருது, சில இடத்துக்கு சீக்கிரம், சில இடத்துக்கு லேட்டா. அந்த நேர வித்தியாசத்த வச்சு உள்ள எங்க சூடு, எங்க குளிர்ச்சின்னு படம் போடுறாங்க. அப்படி வந்த படத்துலதான் நம்ம காலுக்குக் கீழ, 2,900 கிலோமீட்டர் ஆழத்துல, பூமியோட நடுக்கருவான கோரோட எல்லைல ஆரம்பிச்சு மேல எழும்பற ஒரு பிரம்மாண்டமான பகுதி தெரியுது, அலை அங்க மெதுவாத்தான் போகுது. தெற்கு ஆப்பிரிக்கா பூராவும் இவ்வளவு உயரமான பீடபூமியா இருக்கறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்னு பேசிக்கிறாங்க.

அதனால "சம்பந்தமே இல்ல"ன்னு யாராவது சொன்னா மனசைத் தளர விடாத. வெட்டிப் பாக்க முடியாத ஒண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு வெளிய இருந்து அளந்து சொல்றதுதான் ரெண்டுலயும் பாதி வேலை.

படிப்புல என்ன சொல்லித்தருவாங்கன்னு கேட்டிருந்தேல்ல. ஜியோபிசிக்ஸ்னு பேர் வந்தாலும் முதல் வருஷத்துல அந்தப் பேரையே அதிகம் கேக்க மாட்ட. மேத்ஸ், பிசிக்ஸ், ஜியாலஜி, கூட கொஞ்சம் ப்ரோக்ராமிங். ரெண்டாவது வருஷம் வெக்டர் கால்குலஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்னு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், அங்கதான் பாதிப்பேர் ஜியாலஜி பக்கம் ஒதுங்கிருவாங்க. ஆனா ஃபீல்டுக்குப் போற அன்னைக்கு எல்லாம் மறந்துரும். புல்வெளில ஒரு நீள கேபிள், அதுல வரிசையா ஜியோஃபோனை (தரை அதிர்வைப் பிடிக்கிற கருவி) மண்ணுல குத்தி வச்சு, இரும்புத் தகடு மேல பெரிய சம்மட்டியால ஓங்கி ஒரு அடி. லேப்டாப்ல கோடு கோடா நெளிஞ்சு வரும், பக்கத்துல உள்ளதுக்கு முதல்ல, தூரத்துல உள்ளதுக்கு அப்புறம், அந்தக் கோட்டோட சாய்வு எங்க மாறுதோ அத வச்சு பாறை எத்தனை மீட்டர் கீழன்னு சொல்லிரலாம். புவியீர்ப்ப அளக்குற கிராவிமீட்டர்னு ஒண்ணு இருக்கு, அத தரைல வச்சு ஒரு தடவ, மேஜை மேல தூக்கி வச்சு ஒரு தடவ படிச்சுப் பாரு, நம்பர் மாறும். ஒரு மீட்டர் மேல போனா புவியீர்ப்பு சுமார் 0.3 மில்லிகால் (அத அளக்குற அலகு) குறையுது, மொத்தம் ஏறக்குறைய 9,80,000 மில்லிகால்ல! அந்த இத்தனூண்டு வித்தியாசத்தைப் பிடிக்கிற கருவிய உன் கையில குடுப்பாங்க. இதுக்கெல்லாம் இந்த நாட்டைவிட நல்ல இடம் ஏது, 200 கோடி வருஷத்துக்கு முந்தி விண்கல் விழுந்த வ்ரெடஃபோர்ட் இங்கருந்து கார்ல போற தூரம்தான், தங்கம், வைரம், பிளாட்டினம் எல்லாம் இந்த மண்ணுக்குள்ளதான் கிடக்கு.

ஹியூமன் பயாலஜி பக்கம் உங்க அத்தை சொல்லணும், அனாடமி சொல்லிக்குடுக்குறவ அவ, அவகிட்ட கேட்டதத்தான் எழுதுறேன். கெமிஸ்ட்ரி, செல் பயாலஜி, உடம்போட அமைப்பைச் சொல்ற அனாடமி, அது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்ற பிசியாலஜி, கரு வளர்றதப் படிக்கிற எம்பிரியாலஜி, ஜெனிடிக்ஸ்னு போகும். கேப் டவுன்ல ஹியூமன் பயாலஜிக்கே தனி டிபார்ட்மென்ட் இருக்கு, பிஎஸ்சில ஹியூமன் அனாடமி அண்ட் பிசியாலஜின்னு மேஜர் எடுக்கலாம். டிசெக்‌ஷன் ஹால்ல முதல் நாள் ஃபார்மலின் வாடைல கண் எரியும், சில பிள்ளைங்க வெளிய போய் நின்னுட்டு வரும். அப்புறம் தொடைக்குப் பின்னால தசைய விலக்கி சையாட்டிக் நரம்பைக் காட்டுவாங்க, நரம்புன்னா நூலு மாதிரின்னு நினைச்சிருப்ப, அது கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கும். அதத் தொட்டுப் பாத்த பிள்ளைங்க மூஞ்சியே மாறிரும்னு சொல்லுவா.

பிசியாலஜி இன்னும் நெருக்கமா வந்து தொடும். டர்பன் இந்தியர்கள்கிட்ட டைப் 2 சர்க்கரை வியாதி ரொம்ப அதிகம்னு எத்தனையோ வருஷமா ஆராய்ச்சிக்காரங்க சொல்லிட்டு இருக்காங்க. நம்ம அம்மாச்சிய சாப்பிட்டதும் நடக்கச் சொல்றாங்கல்ல, ஏன்? ரத்தத்துல உள்ள சர்க்கரைய தசைக்குள்ள இழுக்க குளூட்-4னு ஒரு புரதம் செல்லோட மேல்பரப்புக்கு வரணும், இன்சுலின் சொன்னா வரும், ஆனா தசை சுருங்கி விரிஞ்சாலும் வரும், இன்சுலின் சரியா வேலை செய்யாதவங்களுக்கும் வரும். ரெண்டாவது வருஷத்துல இத படிச்சுட்டு வீட்டுக்கு வந்து அம்மாச்சிக்கு நீயே விளக்கிச் சொல்லலாம்.

ரெண்டு படிப்பும் நேருக்கு நேர் சந்திக்கிற இடமும் இந்த ஊர்லதான் இருக்கு. ஜோஹன்னஸ்பர்க் விட்ஸ் யூனிவர்சிட்டில அனாடமி ப்ரொஃபசரா இருந்த ரேமண்ட் டார்ட்டுக்கு 1924ல டவுங்ங்கற ஊர்ல உள்ள சுண்ணாம்புக் குவாரில இருந்து ஒரு குழந்தை மண்டை ஓடு வந்துச்சு. மண்டையோட அடில முதுகுத்தண்டு நுழையுற ஓட்டை முன்னாடி தள்ளி இருக்கறதப் பாத்து இது ரெண்டு கால்ல நடந்த உயிர்னு சொன்னார், அதுக்கு அனாடமி தெரியணும். ஆனா அந்த மாதிரி எலும்புக்கு வயசு எத்தனைன்னு கேட்டா, பூமியோட காந்தத் திசை காலத்துக்குக் காலம் மாறியிருக்கறதால, குகைப் படிவத்துல பதிஞ்ச பழைய காந்தத் திசைய அளக்குறவங்களும் கூட வந்து சொல்லணும், அது ஜியோபிசிக்ஸ்.

நான் வேலை பாக்குறது சுரங்க அதிர்வுன்னு உனக்கே தெரியும். கார்லட்டன்வில் பக்கம் ம்போனெங் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம், அங்க பாறைய சும்மா தொட்டாலே 60 டிகிரிக்கு மேல சுடும். அவ்வளவு ஆழத்துல பாறைய எடுக்க எடுக்க சுத்தி உள்ள அழுத்தம் இடம் மாறும், திடீர்னு பாறை வெடிச்சு சிதறும். ஸ்க்ரீன்ல முதல்ல வர்ற பி அலை வந்த நேரம், அடுத்து மெதுவா வர்ற எஸ் அலை வந்த நேரம்னு குறிச்சு எந்த சுரங்கப்பாதைக்குப் பக்கத்துல ஆட்டம் கூடுதுன்னு சொல்றதுதான் என் வேலை. நாங்க பாறைய மட்டும்தான் பாக்குறோம். அந்தப் பாறைத்தூள சுவாசிச்ச மனுஷன் என்ன ஆனான்? குவார்ட்ஸ் தூள நுரையீரல்ல உள்ள மேக்ரோஃபேஜ்ங்கற துப்புரவு செல் முழுங்கும், செரிக்க முடியாம அதுவே சாகும், அந்த இடம் தழும்பாகி இறுகிரும், மேல டிபியும் வந்து ஒட்டிக்கும். இந்த வியாதிக்குப் பேர்தான் சிலிக்கோசிஸ், அது வந்த தங்கச் சுரங்கத் தொழிலாளிங்க போட்ட கேஸ்ல 2019லதான் ஜோஹன்னஸ்பர்க் ஹைகோர்ட் இழப்பீட்டு ஒப்பந்தத்த ஏத்துக்கிச்சு, அதுக்குள்ள எத்தனையோ பேர் செத்தே போயிட்டாங்க. பாறையும் தெரிஞ்சு நுரையீரலும் தெரிஞ்ச ஆள் இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவைன்னு நினைக்கிறப்பல்லாம் மனசு கனத்துப் போகும். அதனாலதான் உன் ரெண்டு ஆசையயும் நான் சாதாரணமா எடுத்துக்கல.

சரி, ஃபார்ம்ல என்ன போடுறது. எது முதல் சாய்ஸ்னு போட்டாலும் முதல் வருஷத்துல மேத்ஸையும் பிசிக்ஸையும் விட்றாத, இது ஒண்ணுதான் நான் அடிச்சுச் சொல்றது. மேத்ஸ் பிசிக்ஸோட ஆரம்பிச்சவ அப்புறமா பயாலஜி பக்கம் தாராளமா வரலாம். அதையே விட்டுட்டு பயாலஜியோட ஆரம்பிச்சவளுக்கு மூணாவது வருஷத்துல ஜியோபிசிக்ஸ் மேல ஆசை வந்தா திரும்பி வர ரொம்பக் கஷ்டம். பிஎஸ்சி மூணு வருஷம், அதுக்கு மேல ஆனர்ஸ் ஒரு வருஷம், இந்த நாலாவது வருஷத்த அப்பாகிட்ட இப்பவே சொல்லி வை, ஆனர்ஸ் இல்லாம ப்ரொஃபஷனல் சயின்டிஸ்ட்டா பதிவு பண்ண முடியாது. டர்பன்லயே இருக்கறதா இருந்தா சிஏஓங்கற பொது அப்ளிகேஷன் ஆபீஸ் வழியா க்வாஸூலு-நட்டால் யூனிவர்சிட்டியோட வெஸ்ட்வில் கேம்பஸ் போடு, விட்ஸுக்கும் கேப் டவுனுக்கும் தனித்தனியா அப்ளை பண்ணணும். விட்ஸ்ல ஜியோபிசிக்ஸ் இருக்கு, தங்குறதுக்கு நம்ம வீடும் இருக்கு.

டாக்டர் விஷயம். உனக்கே ஆசை இருந்தா நேரா அதுக்கே போடு, நான் சந்தோஷப்படுவேன். மெடிசின் சீட் கிடைக்கிற வரைக்கும் ஒதுங்க ஒரு இடம்னு மட்டும் ஹியூமன் பயாலஜிய எடுக்காத, அப்படி எடுத்த பிள்ளைங்க மூணு வருஷமும் வேற எதையோ எதிர்பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும், பாடம் உள்ள இறங்காது, அத்தை ஒவ்வொரு வருஷமும் இதச் சொல்லி வருத்தப்படுவா. டிகிரி முடிச்சவங்கள மெடிசின்ல நேரா மூணாவது வருஷத்துல சேத்துக்குற வழி விட்ஸ்ல இருக்கு, தனி டெஸ்ட் எழுதணும். அம்மா பயப்படுறான்னா இத அவகிட்ட சொல்லு, கொஞ்சம் அடங்குவா.

விட்ஸ் யூனிவர்சிட்டிய சுத்திப் பாக்குற ஓப்பன் டேக்கு வர்றப்ப ஒரு நாள் முன்னாடியே வந்துரு. காலைல அத்தை கூட போய் அனாடமி மியூசியம் பாரு, மத்தியானம் என்கூட வா, ஒரு வாரத்து அதிர்வு ரெக்கார்டு வச்சிருக்கேன், பி எது எஸ் எதுன்னு நீயே குறிச்சுப் பாரு. எதுல நேரம் போனதே தெரியலன்னு எனக்கு எழுது, அப்பாகிட்ட நான் பேசுறேன்.

அன்புடன்,
மாமா