எத்தனை புள்ளி கெட்டால் மாற்றித் தருவீர்கள்? மானிட்டர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மானிட்டர் கம்பெனிகளின் இந்திய அலுவலகங்களில் உட்கார்ந்து வாரன்டி விதிகளை எழுதும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விற்கும் மானிட்டர் திரையில் எத்தனை புள்ளி (பிக்சல்) கெட்டிருந்தால் மாற்றித் தருவீர்கள் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். இருண்டே கிடக்கும் டெட் பிக்சல் என்றால் என்ன, ஒரே நிறத்தில் எரிந்துகொண்டே இருக்கும் ஸ்டக் பிக்சல் என்றால் என்ன, திரைப் பேனல் தயாராகும்போது ஏன் ஒன்றிரண்டு தவறிப்போகிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணும் உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் இருந்த தம்பி தன் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துத்தான் எங்களைத் திருப்பி அனுப்பினார்.

என் அக்கா மகன் கும்பகோணத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான். முகூர்த்த நாட்களில் கேட்டரிங்காரர்களோடு பந்தி பரிமாறப் போவான், ஒரு முகூர்த்தத்துக்கு 600 ரூபாய் கிடைக்கும். அதைச் சேர்த்து வைத்து, பற்றாததற்கு நானும் அக்காவும் கொஞ்சம் போட்டு, கேம் ஆடுவதற்கு ஒரு கம்ப்யூட்டரை அவனே பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தான். எல்லாம் வாங்கி முடிக்க ஐந்து மாசம் ஆனது. பிராசஸருக்கு ரைசன் 5 7600 போதுமா, இல்லை அதற்கு மேலே போகலாமா என்று மட்டும் ஒரு மாசம் யோசித்தான். கேமுக்கு இதில் இருக்கும் ஆறு கோர் போதும் மாமா, மிச்சமாகிற பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும், ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டு வாங்கிவிட்டால் நாலு வருஷம் கழித்து பிராசஸரை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் என்று எனக்கே பாடம் எடுத்தான்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி மெமரி உள்ளதும் விற்கிறது, 16 ஜிபி உள்ளதும் விற்கிறது. சென்னை ரிச்சி தெருவில் காலையிலிருந்து மாடி மாடியாக ஏறி இறங்கிக் களைத்துப்போய் நின்ற கடையில், கடைக்காரர் எடுத்து வைத்தது 8 ஜிபி. இவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது வேண்டாம், 16 கொடுங்க" என்றான். பெட்டியில் போட்டிருந்ததால் அவனால் கேட்க முடிந்தது. பவர் சப்ளையிலும் அப்படித்தான், எந்த வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று அதன் பக்கவாட்டில் அட்டவணையே ஒட்டியிருக்கிறது. ராம் ஸ்டிக்கரில் அதன் வேகமும் சிஎல் என்ற தாமத எண்ணும் இருக்கின்றன. எஸ்எஸ்டி எத்தனை டெராபைட் எழுதும் வரைக்கும் வாரன்டி என்பதை அந்தந்தக் கம்பெனியே மாடல் வாரியாகப் போட்டிருக்கிறது. இருபது வயதுப் பையன் ஒருவன் கையில் இருக்கும் பணத்தை வைத்து யாரிடமும் ஏமாறாமல் இதையெல்லாம் வாங்க முடிந்தது என்றால், வாங்குவதற்கு முன்னாலேயே எல்லாம் எழுத்தில் இருந்ததுதான் காரணம்.

கடைசியாக வாங்கியது மானிட்டர். 27 இன்ச், 2560-க்கு 1440 புள்ளி, ஐபிஎஸ் வகைப் பேனல், 180 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 180 தரம் படம் மாறும். அதையும் சும்மா எடுக்கவில்லை. 27 இன்ச்சில் 1920-க்கு 1080 எடுத்தால் மேஜை தூரத்துக்கு எழுத்தெல்லாம் பிசிறாகத் தெரியும், 4கே எடுத்தால் கார்டு திணறும், விஏ வகைப் பேனலில் இருட்டான காட்சிகளில் நிழல் இழுக்கும், ஓஎல்இடி நம் பட்ஜெட்டுக்கு எட்டாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து வந்து நின்ற இடம் அது. விலை 19,200. அவன் கணக்கில் முப்பத்திரண்டு முகூர்த்தம். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் விடிகாலை மூன்றரைக்கு எழுந்து, இலை போட்டு, சாம்பார் வாளி தூக்கி, கடைசிப் பந்தியில் தான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்த பையன் அவன்.

கடையில் போட்டுக் காட்டச் சொன்னோம். சீல் உடைக்க முடியாது சார், உடைத்தால் உங்கள் பெயரில் பில் போட்டாக வேண்டும் என்றார்கள். சரி என்று பணத்தைக் கட்டி எடுத்துவந்தோம். வேறு வழி என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

2025 ஆயுத பூஜை அன்றைக்குத்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் இணைத்து வைத்திருந்தான். அக்கா கேபினட்டுக்கும் மானிட்டரின் சட்டத்துக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினாள். அப்புறம் அவன் ஆன் செய்தான். கறுப்புத் திரை வந்தது, நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. குங்குமம் தெறித்துவிட்டது என்று நினைத்து அக்கா புடவைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. தலைப்பைத் தண்ணீரில் நனைத்து மறுபடி துடைத்தாள். அவன்தான் அவள் கையைப் பிடித்து, "விடும்மா, அது உள்ள இருக்கு" என்றான். அதற்குமேல் அன்றைக்கு அவன் யாரிடமும் பேசவில்லை.

நடுவிலிருந்து வலது பக்கம் இரண்டு விரல் தள்ளி, கொஞ்சம் கீழே. துப்பாக்கி விளையாட்டில் குறி நிற்கும் இடம் திரையின் நடு என்பது உங்களுக்குத் தெரியும், கேமிங் மானிட்டர் என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பவர்கள் நீங்கள்தானே. அவன் ஆடும் விளையாட்டில் எதிராளியைச் சுற்றிச் சிவப்புக் கோடு தெரியும். இருட்டான இடத்துக்குள் போகும்போதெல்லாம் கண் அந்தப் புள்ளிக்குத் தாவுகிறது என்கிறான். நான் உட்கார்ந்து பார்த்தேன், என் கண்ணும் தாவுகிறது.

கடைக்குப் போன் செய்தால் கம்பெனியிடம் கேளுங்கள் என்றார்கள். கம்பெனிக்குப் போட்டோ அனுப்பினோம், வீடியோ அனுப்பினோம், திருச்சி சர்வீஸ் சென்டருக்கு நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். கும்பகோணத்திலிருந்து திருச்சி கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 27 இன்ச் மானிட்டர் பெட்டியைப் படுக்கவைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறீர்கள், அதனால் பேருந்தில் அதை சீட்டில் நிற்கவைத்து, அவன் தஞ்சாவூர் வரைக்கும் பக்கத்தில் நின்றுகொண்டே அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். லக்கேஜ் டிக்கெட் தனி.

அங்கே இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மானிட்டரைப் போட்டுப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் ஏதோ தேடினார். "சார், எரியும் புள்ளி மூணு இருந்தாதான் மாத்த முடியும், உங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றார். இது எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சிஸ்டத்தில் இருக்கு என்றார். காட்டுங்கள் என்றேன். கஸ்டமருக்குக் காட்டக் கூடாது சார் என்றார். நடுவில் இருக்கிறதே என்று இவன் கேட்டதற்கு, இடம் எல்லாம் கணக்கில் வராது தம்பி, பிரைட்னஸைக் குறைத்து வையுங்கள், பழகிவிடும் என்றார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே பேருந்தில் திரும்பினோம்.

ஐயா, கஸ்டமருக்குக் காட்டக் கூடாத விதியை வைத்து கஸ்டமரைத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்? மூன்று என்று முன்பே தெரிந்திருந்தால் நாங்கள் வேறு கம்பெனி மானிட்டரை எடுத்திருப்போம், இல்லை, தெரிந்தே இதை எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்போம். அதைத் தீர்மானிக்க வேண்டியது பணம் கொடுக்கிறவன்.

பேனல் விஷயத்தில் உங்கள் பக்கத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். 2560-ஐ 1440-ஆல் பெருக்கினால் 36,86,400 புள்ளி. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துணைப் புள்ளி, ஆக ஒரு கோடிக்கு மேல். ஒன்றுகூடத் தவறக் கூடாது என்றால் விலை ஏறும், ஒப்புக்கொள்கிறேன். இதற்கென்றே ஐஎஸ்ஓ 9241-307 என்று 2008-இல் வந்த சர்வதேசத் தரம் இருக்கிறது, அதில் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பு என்றால் பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது இரண்டு, எப்போதும் இருண்டு கிடப்பது இரண்டு வரை இருக்கலாம். அந்தக் கணக்கில் இவன் வாங்கிய மானிட்டர் அளவுக்கு ஏழு புள்ளி எரிந்தாலும், கூடவே ஏழு இருண்டிருந்தாலும் அது நல்ல மானிட்டர்தான். கேட்டால் வயிறு எரிகிறது, ஆனாலும் அது பொதுவில் இருக்கும் ஒரு விதி, யாரும் காசு கொடுத்து வாங்கிப் படித்துக்கொள்ளலாம். உங்கள் மானிட்டர் எந்த வகுப்பு என்பதைப் பெட்டியில் போட்டால்கூட எனக்குப் போதும். உங்களில் சிலர் விலை கூடிய மாடல்களுக்கு மட்டும், ஒரு புள்ளி எரிந்தாலும் மாற்றித் தருகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறீர்கள். அங்கே சொல்ல முடிகிறது, இருபதாயிரம் ரூபாய் மானிட்டருக்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை?

பெட்டியில் இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் பரண் மேல்தான் இருக்கிறது, இறக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முன்பக்கம் 1 எம்எஸ் (ஒரு புள்ளி நிறம் மாற ஒரு மில்லி விநாடி) என்று என் உள்ளங்கை அளவுக்கு அச்சடித்திருக்கிறீர்கள். புள்ளிகளை வேகமாக நிறம் மாற வைக்கும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து அளந்த எண் அது என்பதும், அப்படி வைத்தால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய வால் ஒன்று தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும், அதைப் பெட்டியில் காணோம். வெளிச்சமும் நிழலும் நன்றாகத் தெரியும் என்பதற்கான தரக்குறியாக எச்டிஆர் 400 என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வரிசையில் ஆக அடிமட்டம் அதுதான், திரையின் பகுதிகளைத் தனித்தனியாக மங்கச் செய்யும் வசதிகூட அதற்குக் கட்டாயம் இல்லை, அதையும் காணோம். 180 ஹெர்ட்ஸ் என்று போட்டுவிட்டு, விண்டோஸ் அமைப்புக்குள் போய் மாற்றாவிட்டால் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கலாம் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வைக்கவில்லை. இவனுக்குத் தெரிந்திருந்தது, மாற்றிக்கொண்டான். தெரியாமல் வருஷக்கணக்கில் 60-இல் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேரோ.

இந்தக் காலத்தில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரியைக் கொடுத்தால் லாபம் கூடுதல் என்பதால் ராம் விலை எங்கேயோ போய்விட்டது, 2025 டிசம்பரில் மெமரி தயாரிக்கும் மைக்ரான் கம்பெனி, பொதுமக்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்கும் தன் குருஷியல் வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. நாங்கள் ஜூலையிலேயே ராம் வாங்கி வைத்ததால் தப்பித்தோம். தன் சம்பாத்தியத்தில் பாகம் வாங்கிச் சேர்க்கும் பிள்ளைகள் யார் கணக்கிலும் வரவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. உங்களால் ஆகக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

பெட்டியின் பின்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கிறது. இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எந்த மாசம், அதிகபட்ச விலை, புகாருக்கு எந்த எண், எல்லாம் அதில் இருக்கிறது. 2011-இல் வந்த சட்டமுறை எடையளவு விதிகள் கேட்பதால் ஒட்டுகிறீர்கள். அந்த ஸ்டிக்கரில் இன்னும் ஒரு வரி சேருங்கள்: எரியும் புள்ளி இத்தனை, இருண்ட புள்ளி இத்தனை, அதற்கு மேல் இருந்தால் இத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும். ஒரு பொருளின் தரமும் அளவும் விலையும் என்ன என்று அறிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. திரையில் எத்தனை ஓட்டை வரை உங்கள் கணக்கில் நல்ல திரை என்பது தரம் பற்றிய செய்தி இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். மூன்று என்ற உங்கள் விதியை இன்றைக்கே ஒன்றாக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆக்கினால் சந்தோஷம்தான். மூன்று என்றால் மூன்று என்றே போடுங்கள், ஐந்து என்றால் ஐந்து என்று போடுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் படிக்கிற மாதிரி போடுங்கள். தயவுசெய்து.

புகார் எண், பில், வீடியோ எல்லாவற்றையும் வைத்து, இந்த மானிட்டரை விற்ற கம்பெனிக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-ஐ இன்னும் அழைக்கவில்லை. உங்கள் பதிலுக்காக இந்த மாசக் கடைசி வரை காத்திருக்கிறேன். அக்கா இன்னும் அந்த மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் திரையில் அந்த இடத்தை ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் போகிறாள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்