மரப்பட்டையில் இருப்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள்

டெல்டா ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கு வணக்கம்.

நம் ஊர் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நெல் ரகம், மூலிகை, மீன், கொக்கு, நாரை எல்லாம் எழுதுவீர்கள், சரி. வாய்க்கால் கரைப் பூவரசிலும் தென்னையிலும் சாம்பல் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறதே லைக்கன், அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அது மரத்துக்கு வந்த நோய் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பாசி வெயிலில் சாப்பாடு செய்யும், பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும். பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இந்தக் கூட்டம்தான், ஆனால் அது மலையில் வளர்வது. நம் பக்கத்து வகை பட்டையோடு பட்டையாகப் படிந்திருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள், சிலவற்றில் பேனாவால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடுகள் தெரியும், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் உள்ளே இருக்கும் பாசியின் பச்சை மேலே வரும். வருஷத்துக்கு ஒரு சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதுதான் சாப்பாடு, அதனால் காற்று கெட்டால் முதலில் அடிபடுவதும் இதுதான்.

இதோடு ஒரு பறவையைச் சேர்த்து யோசிக்கிறேன். ஹவாயின் கவாய்த் தீவில் ஓஓ என்றொரு பாடும் பறவை இருந்தது. கறுப்பும் பழுப்புமான உடம்பு, தொடையில் மட்டும் மஞ்சள் இறகு. 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவுக் காடுகளில் அது சாதாரணப் பறவை. கொசுவே இல்லாத ஹவாய்க்கு 1826 வாக்கில் கப்பலில் கொசு வந்தது, அப்புறம் பறவை மலேரியா, எலி, காடழிப்பு, கடைசியில் புயல். 1985இல் கடைசியாகப் பார்த்தார்கள், 1987இல் கடைசியாகக் குரல் கேட்டார்கள். அந்தக் குரலின் பதிவு இன்றும் இருக்கிறது, கேட்டால் மனசு தாங்காது.

அது சாதாரணமாக இருந்த காலத்தில் எந்தக் காட்டில் எத்தனை என்று யாராவது வருஷா வருஷம் குறித்திருந்தால், குறையத் தொடங்கியபோதே தெரிந்திருக்கும். அந்தப் பறவை போனதையாவது காதால் உணர முடிந்தது. லைக்கன் போனால் மரம் கொஞ்சம் சுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான், அதைப் பார்த்து நாம் சந்தோஷம்கூடப் படுவோம்.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. மழைக்காலம் முடிந்த தை மாதத்தில் ஊருக்குப் பத்து மரம், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு போட்டோ, அடுத்த தையில் அதே மரம் அதே இடம். செங்கல் சூளைக்குப் பக்கத்து மரத்தையும் சூளையே இல்லாத பக்கத்து மரத்தையும் கட்டாயம் சேருங்கள். சாலையோர மரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடிக்க ஆள் வரும்போது இந்தப் பத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.