ஈரக் காகிதமும் கண்ணாடிக் கூண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்களின் 'தி கோகோநட்ஸ்' (1929) படம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, "மேடை நாடகத்தை அப்படியே பிடித்துவிட்டார்கள், அதனால்தான் படம் நகரவில்லை" என்கிறது. பழி தவறான இடத்தில் விழுகிறது. படத்தைக் கட்டிப்போட்டது நாடகமல்ல, மைக்.

பேசும்படம் தொடங்கிய அந்நாளில் கேமரா ஓடும் சத்தத்தையும் மைக் வாங்கிவிடும். அதனால் கேமராவையும் ஒளிப்பதிவாளரையும் கண்ணாடி வைத்த கூண்டுக்குள் அடைத்தார்கள். கூண்டை நினைத்தபடி நகர்த்த முடியாது. காட்சியை வெட்டி ஒட்டினால் ஒலி துண்டுபடும் என்பதால், பல கூண்டுகளிலிருந்து ஒரே நேரத்தில் படம் பிடித்தார்கள். எல்லாக் கோணத்துக்கும் பொதுவாக விளக்கு வைத்தால் எந்தக் கோணத்துக்கும் எடுப்பாக இருக்காது. முகங்கள் தட்டையாகத் தெரிவது அதனால்தான்.

புளோரிடா மனை வரைபடத்தைச் சகோதரர்களில் ஒருவரான க்ரௌச்சோ விரித்து விளக்க, 'வயடக்ட்' (மேம்பாலம்) என்ற ஆங்கிலச் சொல்லை "வொய் எ டக்?" (ஏன் வாத்து?) என்று இன்னொருவரான சிக்கோ காதில் வாங்கும் காட்சியில், காகிதத்தை மட்டும் கவனியுங்கள். துவைத்த துணிபோலத் தொங்கும். சரசரப்பு வசனத்தை விழுங்கியதால் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார்கள்!

இத்தனை கட்டுப்பாட்டிலும் இயக்குநர்கள் ராபர்ட் ஃபுளோரியும் ஜோசப் சான்ட்லியும் நடனப் பெண்களை நேர் மேலிருந்து பூவிதழ் விரிவதுபோல் காட்டியிருக்கிறார்கள். இத்தகைய கோணத்துக்குப் பெயர்பெற்ற நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி திரைக்கு வருமுன்பே வந்த கோணம் அது. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

இன்னொரு திருத்தம். படம் ஹாலிவுட்டில் எடுக்கப்படவில்லை. சகோதரர்கள் அப்போது நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் 'அனிமல் க்ராக்கர்ஸ்' நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார்கள். பகலில் அதே நகரின் அஸ்டோரியாவில் இருந்த பாரமவுண்ட் ஸ்டூடியோ, இரவில் மேடை.

நாடகத்திலிருந்து வந்த உண்மையான சிக்கல் ஒன்று உண்டு, அது சிரிப்பு. மேடையில் அரங்கம் சிரித்து அடங்கும்வரை நடிகர் அடுத்த வரியை நிறுத்திவைப்பார். ஸ்டூடியோவில் சிரிக்க ஆளில்லை. இடைவெளி விடாவிட்டால் திரையரங்கச் சிரிப்பில் அடுத்த நகைச்சுவை மூழ்கும், அதிகம் விட்டால் காட்சி தொய்யும். அதே சகோதரர்களின் 'எ நைட் அட் தி ஓபரா' (1935) எடுக்குமுன், எம்.ஜி.எம். பட நிறுவனத்தின் தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் இதற்கு வழி கண்டார். முக்கிய நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராக மேடையேற்றி, சிரிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று அளந்துகொண்ட பிறகே கேமரா முன் நடிக்கவைத்தார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை