தெருமுனைப் பூக்கடை வரலாறு: ஞாயிறு மதியம் 2 மணி

அனைவருக்கும் வணக்கம். மூன்று தலைமுறைப் பூக்கடையின் வரலாற்றைப் பதிவு செய்கிறோம். இடம்: சங்க அறை. 4 மணிக்கு மேல் கடைக்காரர்களுக்கு வியாபார நேரம், தாமதம் வேண்டாம்.

1. கடை தெரியும் பழைய படங்களைக் கொண்டு வாருங்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்தால் கிழியும். அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுப்போம்.

2. பெரியவர்களுக்கு ஆண்டு நினைவிருக்காது. பூ எங்கே வாங்கினார்கள் என்று கேளுங்கள். கோயம்பேடு என்றால் 1996க்குப் பிந்தியது, அந்தச் சந்தை திறந்ததே அப்போதுதான். பாரிமுனைப் பக்கத்துப் பழைய பூச்சந்தையான பத்ரியன் தெரு என்றால் உறுதியில்லை, அங்கே அதன் பிறகும் பூ விற்றது.

3. முழம் விலை, வாழைநார் பதம் கேட்க மறக்காதீர்கள்.

வருபவர்கள் சனி இரவு 8க்குள் பெயர், பிளாட் எண் போடவும். கட்டைவிரல் எமோஜி மட்டும் போட்டால் கணக்கு வராது!