விலக்கு வீட்டு வேலையாளுக்குத்தான், சின்னக் கடைக்கு இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). "கடையில் நாலே பேர்தான், 1,700 வெள்ளி எங்களுக்குப் பொருந்தாது" என்ற சின்னக் கடைக்காரர்களின் பேச்சு இன்னும் ஓயவில்லை. 2025 ஜூலை 31 வரை அது சரி. அந்த ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை, ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருந்த முதலாளிகளுக்கு ஆறு மாதம் தவணை கொடுத்தது. அந்த ஆறு மாதமும் பழைய 1,500 வெள்ளி கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. முழு விலக்கு என்று ஒன்று இருக்கவே இல்லை. ஆகஸ்ட் 1 முதல் முடிதிருத்தும் கடை, பூக்கடை, ஒட்டுக்கடை எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. வேலை செய்பவர் உள்ளூர்க்காரரா, வெளிநாட்டவரா என்ற பேதமும் இல்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் சம்பளச் சீட்டில்தான். அடிப்படைச் சம்பளம் 1,300, சாப்பாட்டுப்படி 200, வருகைப்படி 200, மொத்தம் 1,700 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சட்டம் பார்ப்பது அடிப்படைச் சம்பளத்தை மட்டுமே. அந்தச் சீட்டில் மாதம் 400 வெள்ளி குறைகிறது. ஓவர்டைம் காசைச் சேர்த்து 1,700-ஐ எட்டுவதும் இதே தப்புதான். தொழிலாளர் தரப்பிலும் ஒரு குழப்பம் உண்டு: கைக்கு 1,500 சொச்சம்தான் வருகிறது என்பதாலேயே முதலாளி ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட முடியாது. இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு என்றால் 187 வெள்ளி. சொக்சோ என்ற சமூகக் காப்புறுதிப் பிடித்தமும் உண்டு. அவை முறையான கழிவுகள்.

நாள் சம்பளக்காரருக்கு 1,700-ஐ 30-ஆல் வகுத்து 56 வெள்ளி 67 காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆணையிலுள்ள தொகை வேறு. வாரம் ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65.38, ஐந்து நாள் என்றால் 78.46, நான்கு நாள் என்றால் 98.08. மணிக்கணக்கில் 8.72. யாராவது 8.17 என்று போட்டிருந்தால், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற பழைய கணக்கில் வகுத்திருக்கிறார்கள். 2023 முதல் அது 45 மணி நேரம். தோட்டத்தில் டன் கணக்கில் செம்பனைக் குலை வெட்டுபவருக்கும், கமிஷனுக்கு மட்டும் வேலை செய்யும் விற்பனையாளருக்கும் மாத வருமானம் 1,700-க்குக் கீழே போகக்கூடாது. இந்த மாதம் 1,950, போன மாதம் 1,450, சராசரி சரியாகிவிட்டது என்ற சமாதானம் செல்லாது.

அப்படியானால் விலக்கு யாருக்கு? வீட்டு வேலையாளுக்கு. வேலைச் சட்டத்தின் விளக்கத்தில் சமையற்காரர், பிள்ளை பார்ப்பவர், தோட்டக்காரர், துணி வெளுப்பவர், ஜாகா (காவலாளி), சொந்தக் காரின் ஓட்டுநர், ஏன், குதிரைக்காரர்கூட வருகிறார்! துரைமார் பங்களாவில் எழுதிய பட்டியல் மாதிரி இருக்கிறது. ஆனால் அதே விளக்கத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைத்தான் யாரும் படிப்பதில்லை: அந்த வேலை தனியார் குடியிருப்பு வீட்டைச் சார்ந்ததாக இருக்கவேண்டும், முதலாளி அங்கே நடத்தும் வியாபாரத்துக்கோ தொழிலுக்கோ ஆனதாக இருக்கக்கூடாது. வீட்டு அடுப்படியில் கேட்டரிங் நடத்துபவர், பாத்திரம் கழுவும் அம்மாவை வீட்டு வேலையாள் என்று காட்ட முடியாது. கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) காவலாளி பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர், வீட்டு ஜாகா அல்ல. நிறுவனக் கணக்கில் சம்பளம் எழுதி, அதைத் தொழில் செலவாகவும் காட்டும் ஓட்டுநரை, தொழிலாளர் இலாகா கேட்கும்போது மட்டும் வீட்டு ஓட்டுநர் என்பது எடுபடாது.

குறைத்துக் கொடுத்தால் ஒவ்வொரு தொழிலாளருக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம். நான்கு பேர் என்றால் 40,000 வரை போகலாம். குறைத்த தொகையைக் கொடுக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். புகார் செய்பவர் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு, வருகை அட்டை மூன்றின் நகலையும் தொழிலாளர் இலாகாவுக்குக் கொண்டுபோவது நல்லது. சீட்டே தராத முதலாளி என்றால் வங்கிப் பதிவும், வேலை நேரம் பற்றிய வாட்சாப் செய்திகளும் உதவும்.

கடைசியாக, அந்த விலக்கைப் பற்றியே ஒரு கேள்வி. 2022 ஏப்ரலில் இந்தோனேசியாவுடன் கையெழுத்தான உடன்பாட்டில், அங்கிருந்து வரும் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் குறைந்தது 1,500 வெள்ளி என்று எழுதப்பட்டது. பக்கத்துத் தாமானிலிருந்து (குடியிருப்புப் பகுதியிலிருந்து) பஸ் ஏறி வந்து அதே வீட்டைக் கூட்டும் நம் அம்மாவுக்கு எந்தத் தொகையும் எழுதப்படவில்லை. சம்பள ஆணையை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடுத்த முறை உட்காரும்போது, தொகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதோடு இந்த விலக்கையும் மனிதவள அமைச்சு மேசையில் வைக்கவேண்டும்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கு எழுதுவோர் சிலர்,
கிள்ளான்