கிழங்குக்குத் தண்ணீர் அதிகம் விடாதே

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் "சாப்பிட்டேன், வைக்கிறேன்" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை, அதனால் கடிதம்.

நீ அனுப்பிய போட்டோ பார்த்தேன். கண்வலிக்கிழங்கு முளைத்ததில் சந்தோஷம். ஆனால் தண்டு வெளிறி, நூலாய் நீண்டு கிடக்கிறது. பக்கத்து வீட்டு மதில் வெயிலை மறைக்கிறது போல. நம் மாமரத்தடியில் கிளைச் சந்தில் விழுகிற காலை வெயிலே அதற்குப் போதும். அதுவும் இல்லாவிட்டால் கொடிதான் ஓடும், பூ வராது. தொட்டியில் வைத்திருந்தால் கிழக்கே நகர்த்து. தரையென்றால் தோண்டாதே, முளை நுனி ஒடிந்தால் அவ்வளவுதான். தண்ணீர் அதிகம் விடாதே. ஓசூர் நம்மூரை விடக் குளிர், மண் சீக்கிரம் காயாது, கிழங்கு அழுகிவிடும். இலை நுனிதான் சுருண்டு பற்றும், அதற்கு மெல்லிய குச்சியோ கயிறோ கட்டு.

அதே போட்டோவில் துணி காயும் கயிறும் தெரிந்தது. உன் சுடிதார், குட்டியின் கவுன், அவ்வளவுதான். மாப்பிள்ளை துணியை வேறு எங்காவது காயப்போடுகிறாயோ என்னவோ. நான் ஒன்றும் கேட்கவில்லை.

குட்டியை அந்தச் செடிப் பக்கம் விடாதே. கிழங்கு, விதை, இலை எல்லாமே விஷம். சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. பெரியப்பா வீட்டு மாட்டுக்கு ஆனது உனக்கே தெரியும். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவு.

தோத்தாபுரி மாம்பழம் எல்லாம் கூழ் கம்பெனிக்குப் போயாயிற்று, விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. நீ லைன் லீடர் ஆனதை அப்பா டீக்கடையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவ்வளவு பேரை மேய்க்கத் தெரிந்தவளுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. ஓசூர் என்ன அமெரிக்காவா? ஆடிப் பதினெட்டுக்கு நீயும் குட்டியும் மட்டும் வந்தீர்கள். அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று நானே சொன்னேன். நீ சொல்லச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, பிறகு சிவக்கும். அதற்குள் வெயில் பக்கம் மாற்று. தண்ணீர் அதிகம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன். அப்பாவிடம் செடி பார்க்கப் போவதாகத்தான் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் கோழி எடுத்து வை. இல்லையென்றால் எனக்கும் உனக்கும் ரசம் போதும்.

அம்மா