இறுக்கும் பனிச்சறுக்கு பூட்ஸுக்குப் பெரிய அளவு தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிச்சறுக்கைப் புதிதாகக் கற்க விரும்புவோருக்காகத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். உடை, கண்ணாடி, தலைக்கவசம் பற்றியெல்லாம் பயனுள்ள செய்திகளைச் சொல்லியிருந்த அக்கட்டுரை, பூட்ஸைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும், கால் வலித்தால் ஒரு அளவு பெரிய பூட்ஸுக்கு மாறிவிட வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டுவிட்டது. பனிச்சறுக்கு பூட்ஸைக் காலுக்கேற்பச் சரிசெய்து தரும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில், அந்த ஒரு வரியை நம்பிப் பணத்தையும் விடுமுறையையும் இழந்தவர்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அன்றாடம் நடக்கப் பயன்படும் செருப்போ ஷூவோ கடித்தால் பெரியதாக வாங்குவது சரிதான். பனிச்சறுக்கு பூட்ஸின் வேலையே வேறு. முழங்காலை மடக்கிக் கணைக்காலை முன்னே சாய்க்கும்போது அந்த அசைவு சிறிதும் சிதறாமல் சறுக்குப் பலகைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே, கெட்டியான பிளாஸ்டிக் ஓடும் அதற்குள் மெத்தென்ற உள்ளுறையுமாக அது செய்யப்படுகிறது. 1960-களில் அமெரிக்கரான பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவரும்வரை இந்த விளையாட்டில் தோல் பூட்ஸ்தான் புழக்கத்தில் இருந்தது. தோல் நாளடைவில் காலின் வடிவத்திற்கு இளகிக்கொடுக்கும். பிளாஸ்டிக் ஓடு தானாக இளகாது, தெரிந்தவர் ஒருவர் அதை இளக்கித்தர வேண்டும். இறுக்கத்தைப் போக்கும் வழி அங்கேதான் இருக்கிறதே தவிர, அளவை மாற்றுவதில் இல்லை.

பெரிய பூட்ஸ் வாங்கினால் என்ன ஆகிறது? உள்ளே குதிகால் நிலைகொள்வதில்லை. சரிவில் இறங்கும்போது கால் முன்னும் பின்னும் நகர்கிறது. அதை நிறுத்துவதற்காக அணிந்தவர் கொக்கிகளை மேலும் மேலும் இறுக்குகிறார். புறங்காலுக்கு மேலே வரும் கொக்கிதான் அப்போது அதிகமாக அழுத்துகிறது. விரல்களுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியும் நரம்புகளும் அந்த இடத்தில் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன என்பதால், சிறிது நேரத்திலேயே விரல்கள் மரத்துப்போய்க் குளிரில் விறைக்கத் தொடங்குகின்றன. பூட்ஸ் தாங்க முடியாமல் இறுக்குகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவரின் பூட்ஸைக் கழற்றிச் சோதித்தால், கால் உள்ளே நீந்திக்கொண்டிருந்தது தெரியவரும். பெருவிரல் நகம் கறுத்துப்போய் வருபவர்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. கால் முன்னே சறுக்கிச் சறுக்கி விரல்நுனி ஓட்டின் முன்சுவரில் மோதியதால் நகத்தடியில் இரத்தம் கட்டியிருக்கும். இவர்களுக்குத் தேவைப்படுவது சிறிய பூட்ஸ்.

புதிய பூட்ஸ் இறுக்கமாக இருப்பது இயல்பு என்பதையும் சொல்லியாக வேண்டும். நேராக நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனிகள் முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கிக் கணைக்காலால் பூட்ஸின் நாக்கை அழுத்தும்போது குதிகால் பின்னால் போய் அமர்ந்து, விரல்கள் சற்றே விடுபட வேண்டும். கால் முழுவதையும் ஒரே சீராகப் பற்றிப்பிடித்திருக்கும் இறுக்கம் நல்ல அறிகுறி, ஏனென்றால் சில நாள் பயன்பாட்டிலேயே உள்ளுறையின் நுரைப்பஞ்சு அமுங்கி இடம்விடும். ஒரே புள்ளியில் குத்தும் வலி, எரிச்சல், மரத்துப்போதல் ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

பூட்ஸ் உண்மையிலேயே சிறியதா என்பதைக் கண்டறிய எவரும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உள்ளுறையை முழுவதுமாக உருவி எடுத்துவிட்டு, மெல்லிய காலுறையுடன் வெற்று ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்நுனி முன்சுவரை லேசாகத் தொடும்வரை முன்னே தள்ளி நின்றுகொண்டு, குதிகாலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருந்தால் நெருக்கமான, நல்ல பொருத்தம். 20 மில்லிமீட்டர் வரை வசதியான பொருத்தம். 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் எவ்வளவு இறுக்கமாகத் தோன்றினாலும் அந்த ஓடு பெரியதுதான். பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு எண் என்பது பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதாகும்; 26.5 என்றால் 265 மில்லிமீட்டர் நீளப் பாதத்திற்கானது. பெரும்பாலான தயாரிப்புகளில் 26-க்கும் 26.5-க்கும் ஓடு ஒன்றேதான், உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையிலோ உள்ளுறையிலோ மட்டுமே சிறு வேறுபாடு இருக்கும் என்பதால், அரை அளவு கூட்டி வாங்குவதில் பெரும்பாலும் பயன் எதுவும் இருப்பதில்லை. அகலம் வேறு கணக்கு. 26.5 அளவில் முன்பாத அகலம் 97, 98 மில்லிமீட்டராக இருந்தால் குறுகியது, 100 நடுத்தரம், 102-க்கு மேல் அகன்றது. நீளம் சரியாக இருந்து பக்கவாட்டில் மட்டும் நெரிக்கிறதென்றால், நீளத்தைக் கூட்டுவதில் பொருளில்லை. அதே நீளத்தில் அகன்ற மாதிரியைத் தேட வேண்டும்.

பட்டறைக்குப் போவதற்கு முன்னால் காலுறையைப் பாருங்கள் என்று எவரிடமும் சொல்வேன். குளிருக்குப் பயந்து தடித்த காலுறையையோ ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காலுறைகளையோ அணிபவர்கள், பூட்ஸுக்குள் இருந்த கொஞ்ச இடத்தையும் அடைத்து இரத்த ஓட்டத்தைத் தடுத்து, தாங்கள் தவிர்க்க நினைத்த குளிரையே வரவழைத்துக்கொள்கிறார்கள். கம்பளியிலோ செயற்கை இழையிலோ ஆன மெல்லிய, முழங்கால்வரை வரும் காலுறை ஒன்றே ஒன்று போதும். உள்காற்சட்டையின் விளிம்பை பூட்ஸுக்குள் செருகினால் கணைக்கால் எலும்பின்மேல் அதன் தையல் அழுந்தி வலி எடுக்கும். அது பூட்ஸின் விளிம்புக்கு மேலேயே நின்றுவிட வேண்டும். இரவு முழுவதும் காரில் விட்டுவைத்த பூட்ஸின் பிளாஸ்டிக் குளிரில் விறைத்திருக்கும். அதைச் சூடான அறையில் வைத்திருந்து அணிந்தால் அதே பூட்ஸ் வேறு பூட்ஸாகத் தெரியும். கொக்கிகளை மாட்டும் முறையும் உண்டு. குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னால் அமர்த்தி, எல்லாக் கொக்கிகளையும் தளர்வாக மாட்டி, முழங்காலைச் சில முறை மடக்கிய பிறகு, கணைக்காலைச் சுற்றியுள்ள மேல்கொக்கிகளை இறுக்க வேண்டும். கீழே விரல்பக்கம் இருக்கும் கொக்கிகள் ஓட்டை மூடிவைத்திருந்தால் போதுமானது.

இவற்றுக்குப் பிறகும் வலி நீடித்தால், பூட்ஸ் பொருத்துவதில் பயிற்சி பெற்றவரிடம் போக வேண்டும். அவர் முதலில் உள்ளுறையைச் சூடாக்கிக் காலில் அணிவித்து, அது காலின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும்படி செய்வார். பல சிறு தொல்லைகள் அதிலேயே தீர்ந்துவிடும். தீராதவை ஓட்டோடு தொடர்புடையவை. சுண்டுவிரலின் அடியெலும்பு, கணுக்காலின் உள்ளெலும்பு, பாதத்தின் உட்புறம் துருத்தி நிற்கும் எலும்பு ஆகியவையே அடிக்கடி இடிபடும் இடங்கள். எங்கே இடிக்கிறது என்பதை மில்லிமீட்டர் துல்லியமாகக் கண்டுபிடிக்க எங்கள் பட்டறையில் உதடுச்சாயத்தைப் பயன்படுத்துவோம். வலிக்கும் எலும்பின்மேல் சிறு பொட்டாக அதைத் தடவிவிட்டு, உள்ளுறையில்லாத ஓட்டுக்குள் காலை வைத்து அழுத்தினால், பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் சிவப்புத் தடம் பதியும். அந்த இடத்தை மட்டும் அளவோடு சூடாக்கி, அழுத்துகருவியின் குமிழை உட்புறமிருந்து வெளிப்புறமாகத் தள்ளி, பிளாஸ்டிக் முழுவதும் ஆறும்வரை அப்படியே பிடித்துவைப்போம். ஆறிய பின் பிளாஸ்டிக் கொஞ்சம் பின்வாங்கும் என்பதால் வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தள்ளுவது வழக்கம். ஓடு தடிமனாக இருக்கும் இடங்களில் உட்புறத்தைச் சிறிது தேய்த்தெடுத்தும் இடம் உண்டாக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் சிறு புடைப்பு ஒன்றுதான் தெரியும். உள்ளே கால் அடைகிற நிம்மதியை அந்த முகங்களில் பார்க்க வேண்டும்.

புறங்கால் உயர்ந்தவர்களுக்கு மேலே தள்ளுவதைவிட, ஓட்டுக்குள் பாதத்துக்கு அடியில் கிடக்கும் பலகைத் துண்டைத் தேய்த்துத் தாழ்த்துவது நல்லது. உள்வளைவு தளர்ந்து பாதம் தட்டையாகும் கால்களுக்கு நேர்மாறான ஒன்று உதவும். எடை ஏறும்போது அந்தக் கால்கள் நீண்டு அகன்றுவிடுவதால், வளைவைத் தாங்கும் உள்ளட்டை ஒன்றை வைத்ததுமே முன்பு நெரித்த பூட்ஸில் இடம் கிடைத்துவிடும். இடத்தை அடைக்கும் பொருளை உள்ளே வைத்து இடத்தை உண்டாக்குவது எப்படி என்று பலரும் நம்ப மறுப்பார்கள், அணிந்து பார்க்கும்வரை. கெண்டைக்கால் பருத்தவர்களுக்குக் கொக்கிப் பற்களை நகர்த்திப் பொருத்துவது, குதிகாலுக்கு அடியில் சிறு ஆப்பு வைப்பது போன்றவை கைகொடுக்கும்.

இந்த வேலையை வீட்டில் செய்து பார்ப்பதை மட்டும் கைகூப்பித் தடுப்பேன். ஹீட் கன்னையோ கொதிநீரையோ கொண்டு சூடாக்கினால், எங்கே இளகுகிறது என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பூட்ஸின் அடிப்பகுதி கோணிவிட்டால், பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைத்துவைக்கும் பைண்டிங்கில் அது சரியாக அமராது. அந்தப் பகுதியின் வடிவமும் அளவும் ஐஎஸ்ஓ 5355 போன்ற பன்னாட்டுத் தரநிலைகளுக்கு உட்பட்டவை. விழும்போது பைண்டிங் உரிய நேரத்தில் காலை விடுவிப்பது அந்த வடிவத்தை நம்பியே இருக்கிறது. அது பிசகினால் எலும்பு முறியும்.

ஓடு மெய்யாகவே சிறியதாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. விரல்பக்கத்தைச் சூடாக்கித் தள்ளிச் சில மில்லிமீட்டர் நீளம் பெறலாம். அதற்கும் மேல் தேவையென்றால் அடுத்த அளவுக்குப் போவதே நேர்மையான வழி, நல்ல பொருத்துநர் அதை மறைக்காமல் சொல்வார். அப்போது பூட்ஸின் அடிநீளம் மாறிவிடுவதால், பைண்டிங்கையும் அதற்கேற்பத் திரும்ப அமைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். பூட்ஸைக் கழற்றிய பின்னும் விரல்களில் மரத்த உணர்வு நாள்கணக்கில் தொடர்ந்தால் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம். நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்கள் வலியை அறிகுறியாக நம்பியிருக்க முடியாது என்பதால், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் பாதத்தில் சிவந்த தடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளரும் கால்தானே என்று இரண்டு அளவு பெரியதாக வாங்கிக்கொடுத்து, குழந்தை அழும்போது கொக்கியை இறுக்கும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அவர்களுக்கு வாடகை பூட்ஸே போதும். பொருந்தவில்லையென்றால் அன்றே கொண்டுபோய் வேறு கேட்டு மாற்றிக்கொள்ளலாம். தங்கள் கட்டுரையைப் படித்த வாசகர்கள் குளிர்காலத்திற்கான பூட்ஸை வாங்கும் முன்பே, அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தக் குறிப்பையேனும் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூட்ஸ் பொருத்தும் தொழிலிலுள்ள தங்கள் வாசகர்